பைக்கு இடமில்லாத பெஞ்சு

1

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் இதுவரை உருப்படியாகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் வகுப்பறைகளைத் திட்டமிடுகிறேன் என்றால், பில்டிங் கட்டுகிறாயா என்று கேட்பார்கள். கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள், கதவு எந்தப் பக்கம், பலகை எந்தப் பக்கம், பிள்ளைகள் எப்படி உட்கார்ந்தால் பாடம் ஒழுங்காக நடக்கும் என்று யோசிப்பதுதான் நான் என்றால், அதற்குக்கூடவா சம்பளம் தருகிறான் என்று வாயைப் பிளப்பார்கள். கடைசியில் என் தங்கை ஸ்டெல்லாதான் ஒரு முடிவு கட்டினாள். உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் சொந்த ஊரான பெருநகரில் யார் விசாரித்தாலும், அக்கா நியூசிலாந்தில் காலேஜுக்கு சேர் டேபிள் போடுது என்று சொல்லிவிடுகிறாள். ஏதோ கல்யாணத்துக்குப் பந்தல்காரர் போடுகிற மாதிரி. ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை. அவள் சொல்வதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

போன மாதத்தோடு நான் வெலிங்டனுக்கு வந்து இருபது வருடம். வகுப்புகளுக்கு நேர அட்டவணை போடும் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அப்படியே வகுப்பறைகளின் பக்கம் நகர்ந்துவிட்டவள் நான். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எங்கள் துறைத் தலைவர் தங்கமான மனிதர், பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. நான் வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் எழுந்து, மாணவர்கள் பெஞ்சில் உட்காருகிறார்கள், முதலில் அதை ஒழிக்க வேண்டும் என்று முழங்கிய கதையை எடுத்துவிட்டார். இந்த நாட்டில் பெஞ்சு என்றால் சமையலறை மேடை. பிள்ளைகள் எதற்கு அடுப்பு மேடையில் ஏறி உட்காருகிறார்கள் என்று அன்றைக்கு எல்லோரும் முழித்தார்களாம். எல்லோரும் சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வளாகத்திலிருந்த நீள வரிசைகளை எடுத்துவிட்டு வட்ட மேசைகளைக் கொண்டுவந்தது ரோஸிதான், இன்றைக்கு நம் மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் படிக்கிறார்கள் என்றால் அது அவளால்தான் என்றார். கை தட்டினார்கள். நானும் ஏதாவது பேச வேண்டும். எழுந்தேன், நன்றி என்றேன், உட்கார்ந்துவிட்டேன். பாவம், தொண்டை அடைத்துவிட்டது என்று சிலருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அடைத்தது உண்மைதான். முந்தின நாள்தான் ஸ்டெல்லாவின் மகள் ஜெனி, நான் யோசனை சொல்லிப் போட்ட வட்ட மேசை வகுப்பு தனக்கு வேண்டாம், பழைய பெஞ்சு இருக்கிற பி செக்‌ஷனுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கல்லூரியில் கேட்டிருந்தாள்.

2

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தது உத்திரமேரூரைத் தாண்டியதும் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில். பெயர் வேண்டாம். என்னோடு படித்த ராஜலட்சுமி இன்று அங்கே கணிதத் துறைத் தலைவி. ஜெனி அப்போது அங்கே முதல் வருடம், அதுவும் கணிதம்தான். புதிதாக ஒரு வகுப்பறைக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள், வெளிநாட்டில் நீ இதைத்தானே செய்கிறாய், வந்து ஒரு பார்வை பாரேன் என்று ராஜலட்சுமி கூப்பிட்டாள்.

தாளாளர் மரியாதைக்காரர். டீ, பிஸ்கட் எல்லாம் வைத்துவிட்டுப் பிளானை விரித்தார். பார்த்தால் நாங்கள் உட்கார்ந்த அதே அறை. நீளமாக ஒரு கூடம், தரையோடு முடுக்கிய பெஞ்சு வரிசைகள், முன்னால் மேடை. எனக்கு வாய் சும்மா இருக்காது. இது வகுப்பா, பஸ்ஸா சார், எல்லாரும் டிரைவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதற்கு என்று கேட்டுவிட்டேன். மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் பேனாவை வாங்கி அவர் பிளானின் மேலேயே வரைய ஆரம்பித்தேன். மேசைக்கு ஆறு பேர். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ள, சக்கரம் வைத்த நாற்காலிகள். யார் எங்கே என்று கட்டாயம் வேண்டாம், பிள்ளைகள் இஷ்டம்போல் உட்காரட்டும். லேப்டாப்புக்குத் தரையில் பிளக் பாயிண்ட் என்றபோது மட்டும் ராஜலட்சுமி என் கையைப் பிடித்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுகிற ஊர்டி இது, பிள்ளைகளைக் கொன்றுவிடாதே என்றாள். பிளக்கைச் சுவருக்கு ஏற்றினேன்.

முதலில் பழைய கட்டடத்தில் ஒரே ஒரு அறையை அப்படி மாற்றிப் பார்ப்பது, சரியாக வந்தால் புதிய கட்டடம் முழுக்க அதே மாதிரி என்று முடிவாயிற்று. அந்த ஒரு அறை, அடுத்த வருடம் ஜெனி உட்காரப்போகிற ஏ செக்‌ஷனுக்கு. எங்கள் பெரிம்மா பிளான் போட்டது என்று அவள் அப்போதே பஸ்ஸில் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டாளாம். விமானத்தில் திரும்பும்போது எனக்குப் பெருமையான பெருமை. படித்த கல்லூரிக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூட வரைந்து காட்டினேன். அவர் தூங்கிவிட்டார்.

3

எங்கள் காலத்து வகுப்பில் இஷ்டம் என்ற பேச்சே கிடையாது. கணக்கு சாருக்குப் பெயர்கள் மனதில் நிற்காது. அதனால் அட்டெண்டன்ஸ் வரிசைப்படிதான் உட்கார வேண்டும். காலி இடத்தைப் பார்த்தே யார் வரவில்லை என்று குறித்துக்கொள்வார். அந்த வரிசையில் ராஜலட்சுமிக்கு அடுத்த பெயர் ரோஸி. உத்திரமேரூர் கோயில் தெருப் பெண்ணும் பெருநகர்க் காலனிப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அப்படித்தான். அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாளே அவள் தன் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். நீலத் துணிப் பை, உள்ளே டிபன் பாக்ஸ். முகத்தில் கோபமோ வெறுப்போ ஒன்றும் இல்லை. குடையை மூலையில் சாய்த்து வைப்பது போல வைத்தாள். மறுநாளும் வைத்தாள். நான் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பை அங்கே எதற்கு இருக்கிறது என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதன் மேல் என் கை பட்டுவிடக் கூடாது என்று இடுக்கிக்கொண்டே எழுதி எழுதி, அந்தச் சில மாதங்களில் என் கையெழுத்தே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

மழைக்காலத்தில் கடைசி வரிசைப் பெஞ்சு ஒன்றின் கால் ஒடிந்தது. செய்ய வேண்டிய ஆளும் செய்யவில்லை, வாங்க வேண்டிய ஆளும் வாங்கவில்லை. அதிலிருந்தவர்களை ஆளுக்கொரு பெஞ்சாகப் பிரித்துப் போட்டார்கள். எங்கள் பெஞ்சுக்கு ரூபா என்று ஒரு பெண் வந்தாள், நல்ல வாட்டசாட்டமான பெண். இரண்டு பேருக்கான பெஞ்சில் மூன்று பேர். பையைத் தரையில் வைப்பதைத் தவிர வழியில்லை. ராஜலட்சுமி வைத்தாள். அப்புறம் தோளும் தோளும் உரசிக்கொண்டுதான் மூன்றாம் வருடம் முடிகிறவரை படித்தோம். எப்போது சிநேகிதி ஆனாள் என்று எனக்கு நினைவில்லை. ஆனாள், அவ்வளவுதான்.

4

புது அறை தயாரானதும் ராஜலட்சுமி ஒரு போட்டோ அனுப்பினாள். பளபளவென்று மேசைகள், சுற்றிலும் பிள்ளைகள். ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். அப்புறம்தான் ஜெனி எங்கே என்று தேடிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவை ஒட்டிய மேசையில் இருந்தாள். அவளோடு இருந்த பெண்களில் நான்கு பேரை எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஓடிவந்து சாக்லேட் வாங்கிக்கொள்ளும் எங்கள் காலனிப் பிள்ளைகள். தெரிந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

செக்‌ஷன் மாற்றிக் கேட்டிருக்கிறாள் என்று ஸ்டெல்லா சொன்னதும் ஜெனியைப் போனில் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். ஃபேன் காற்று வரவில்லை என்றாள். நான் விடவில்லை.

"டேபிள் நல்லாதான் கீது பெரிம்மா. ஆனா மொத நாளு அவங்கவங்க இஷ்டத்துக்குப் போயி ஒக்காந்தாங்க, அவ்ளோதான். ஊரு ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். கதவாண்ட கீறதுக்குக் காலனி டேபிள்னு பேரே வச்சிட்டாங்க."

யார் வைத்தது என்று கேட்டேன்.

"யாருன்னு சொல்றது? எல்லாருந்தான். சாரே கேக்குறாரு, காலனி டேபிள் சார்ட் இன்னும் வர்லியான்னு. அவுரு நல்லவரு பெரிம்மா, தப்பா ஒண்ணும் சொல்லல. பெஞ்சுல இருந்தா முதுவுதான் தெரியும். இங்க ஆறு மூஞ்சிக்கும் சேத்து ஒரே பேரு."

முகத்தை முகம் பார்த்துப் படிக்க வேண்டும் என்று இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே முகம். ஊரையும் காலனியையும் பிரிக்கிற ரோடு பெருநகரில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் வகுப்புக்குள் போடுவதற்கு நான்தான் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பி செக்‌ஷனுக்குப் போனால் ஜெனி தப்பித்துக்கொள்வாள். மற்ற ஐந்து பேரும் அங்கேயே இருப்பார்கள். இன்னும் சில மாதத்தில் புதிய கட்டடம் எழும்பினால் அதில் எல்லா அறையும் இப்படித்தான். எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

5

மறுநாள் வழக்கமான வேலைக்குப் போனேன். வகுப்பு நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து, அறையின் வரைபடத்தில் ஆள் இருக்கிற நாற்காலிக்கெல்லாம் ஒரு புள்ளி வைப்பது. எத்தனை இடம் நிறைந்தது, எத்தனை காலி, இதுதான் அலுவலகத்துக்கு வேண்டும். இத்தனை வருடமும் அதைத்தான் கொடுத்தேன். அன்றைக்குத்தான் யாரோடு யார் என்று பார்த்தேன். சீனப் பிள்ளைகள் ஒரு மேசை. சமோவாப் பிள்ளைகள் ஒரு மேசை. பிளக் பாயிண்ட் பக்கத்தில் இந்தியப் பிள்ளைகள். மற்றதில் இந்த ஊர்க்காரர்கள். இதைப் பார்க்க எனக்குக் கண் இல்லாமலா இருந்தது?

இடத்தை மாற்றி மாற்றி உட்கார வைக்கலாமா என்று எங்கள் குழுவுக்கு எழுதினேன். மாணவர்களின் தேர்வுரிமையை நாம் மதிக்கிறோம், காரணத்தை விளக்கி உரிய படிவத்தில் அனுப்பினால் அடுத்த பருவத்தில் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. அதே வாரம் ஊரில் தாளாளரோடும் பேசினேன். நம்ம காலேஜ்ல அந்தப் பேச்சே கிடையாது மேடம், எல்லாரும் ஒண்ணாதான் பழகுறாங்க என்றார். இவர்கள் இமெயிலில் சொன்னதை அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார், வேறு வித்தியாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிஷா அழுக்குத் துணி மூட்டையோடு வந்தாள். எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள், தோழிகளோடு தனியாகத் தங்கியிருக்கிறாள். தமிழ் பேசுவாள், நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் கையை ஆட்டுவாள். நீ எந்த மேசையில் உட்காருவாய் என்று தோசை சுட்டுக்கொண்டே கேட்டேன். முதல் வாரம் இந்தியப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாளாம். ஒரு பெண் நன்றாகத்தான் பேசினாளாம். முழுப் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, அம்மாவுக்கு எந்த ஊர், சர்ச்சுக்குப் போவீர்களா, அதற்கு முன்னால் என்னவாக இருந்தீர்கள் என்று விசாரித்தாளாம். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சேர்ந்து படிக்கும்போது இவளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. தன் தமிழ் மோசம் என்பதால்தான் என்று இவளே நினைத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்விகளுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை. இந்த ஊரில் தேவைப்படாது என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னேன், எல்லாவற்றையும். பெருநகர் ரோடு, காலனி, நீலப் பை, ஜெனியின் மேசை. தோசை தீய்ந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க இருந்தா, நான் எந்த டேபிள்ம்மா?"

அடுப்பை அணைத்தேன். கதவுப் பக்கம் என்று சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

6

எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் ராஜலட்சுமிக்குக் காலை. கூப்பிட்டு, பிள்ளைகளை அட்டெண்டன்ஸ் வரிசைப்படி மாற்றி உட்கார வை என்றேன். அவளுக்குக் கோபம். இஷ்டத்துக்கு உட்கார விட வேண்டும் என்று தாளாளர் முன்னால் பிரசங்கம் செய்தது யார் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிள்ளைகள் தாமாகச் சேர்ந்து உட்காருகிறார்கள், நாம் பிரித்தால் காரணம் கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் இல்லாததைக் கிளப்புகிறாள் என்று என் தலையில்தான் விடியும், நீ போனை வைத்துவிட்டுப் போய்விடுவாய் என்றாள். அதுவும் நியாயம். காரணம் சொல்லாதே, அட்டெண்டன்ஸ் எடுக்க வசதி என்று சொல் என்றேன். பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், அவளை எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் ஒருநாளும் பேசியிராததை அப்போதுதான் எடுத்தேன்.

"உன் நீலப் பை ஞாபகம் இருக்கா?"



"நீ அத கவனிச்சிருக்க மாட்டன்னு இத்தனை வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"நடுவுலதானடி இருந்துது."

அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது கேட்டது. பிறகு, அம்மா வைக்கச் சொன்னாங்க, வச்சேன் என்றாள். மெதுவாக மேலே சொன்னாள்.

"ரூபா வரலன்னா நானா எடுத்திருப்பேனான்னு தெரியல ரோஸி. பொய் சொல்ல மாட்டேன். எடம் இல்லாம போச்சு, அதனாலதான் எடுத்தேன்."

எனக்கு அது வலித்தது. ஆனால் அவள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

7

அடுத்த வாரமே ராஜலட்சுமி மேசைகளில் அட்டெண்டன்ஸ் எண் ஒட்டிவிட்டாள். ஜெனியின் விண்ணப்பம் அவள் மேஜையில் அப்படியே கிடந்தது, ஒரு மாதம் பொறு என்று ஜெனியிடம் சொல்லியிருந்தாள். ஜெனிக்குப் பக்கத்தில் இப்போது ராஜலட்சுமியின் தெருவிலிருந்தே வருகிற ஒரு பெண். எப்படிப் போகிறது என்று ஆசையாகக் கேட்டேன்.

"சேர்ல சக்கரம் வச்சிக்கிற இல்ல பெரிம்மா? ஒக்காந்தவொடனே ஒரு ஒதை வுட்டு அந்தாண்ட தள்ளிக்கினு போயிடுது. நடுவுல இன்னொரு சேரே போடலாம், அவ்ளோ எடம் கீது. அந்த எடத்துல பைய வச்சிக்கினு கீது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மாணவருக்கு இவ்வளவு இடமாவது வேண்டும் என்று இந்த நாட்டில் எத்தனை கூட்டத்தில் தொண்டை வற்றப் பேசியிருப்பேன். அந்த விரற்கடை அளவுக்காக இன்ஜினியர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஊருக்கு ஒரு புது வரைபடம் போட்டேன். நாற்காலியில் சக்கரம் வேண்டாம், கழற்றிவிடுங்கள். மேசையைச் சுற்றிலும் அறுத்துச் சின்னதாக்குங்கள், ஆறு பேர் நெருக்கித்தான் உட்கார வேண்டும். பைகளுக்குச் சுவரில் கொக்கி அடியுங்கள், உட்காருகிற இடத்தில் பை கூடாது. புதிய கட்டடத்துக்கும் இதே அளவு. எங்கள் அலுவலகத்தில் யாராவது இந்த அளவில் வரைந்து கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

தாளாளர் காரணமே கேட்கவில்லை. அப்போ ரூமுக்கு இன்னும் ரெண்டு டேபிள் சேர்த்துப் போடலாமே மேடம் என்று ஒரே சந்தோஷம். சரி சார் என்றேன். எந்த வழியிலாவது நடக்கட்டும். வெலிங்டன் குழு இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது. நிஷா அந்த இந்தியப் பிள்ளைகளின் மேசைக்கு வேண்டுமென்றே திரும்பிப் போய் உட்காருகிறாள், முழுப் பெயரையும் அவளே முதலில் சொல்லிவிடுகிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. போகாதே என்று சொல்லவில்லை.

நேற்று ஆபீசில் கூட்டத்தில் இருந்தபோது ஜெனியிடமிருந்து குரல் செய்தி வந்தது. வெளியே காற்று பேய் மாதிரி அடிக்கிற வராந்தாவுக்கு வந்து போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு கேட்டேன்.

"இன்னா பெரிம்மா டேபிள் இது, பேஜாரா கீது. கோயில் தெருப் பொண்ணு கீது இல்ல, அது எடது கை. எழுத எழுத என் கைய இடிச்சிக்கினே கீது. நான் திட்றேன், அது சிரிக்குது. கொஞ்சம் பெருசாக்கச் சொல்லேன்."

கை இடிக்கிறது என்ற புகார் வந்தால் எங்கள் அலுவலகத்தில் மறுநாளே நடவடிக்கை எடுப்போம். நான் அங்கேயே நின்று பதில் பேசி அனுப்பினேன். முடியாது ஜெனி, பெருசாக்க முடியாது, இடிச்சிக்கினே படிங்க என்றேன்.